செத்தது வயரா, சிப்பா, பெயரா?

அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயாப் பக்கம் ஏறும் வீதியில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் ஒரு கைமாறி வந்தவை. அக்வா, பிரியஸ், அக்சியோ, வெசல், வேகன் ஆர் என்று கண்டிச் சுற்றுவட்டாரத்து கராஜ்களில் வரிசையாக நிற்பவையும் இவைதான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்த வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வாங்க வழியில்லை. இருக்கிறதையே ஓட்டித் தீர்க்க வேண்டியதாயிற்று. பத்து வயதைத் தாண்டிய ஹைபிரிட் ஒன்றுக்கு ஏற்றத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கராஜில் கேட்கும் முதல் கேள்வி, “ஸ்கேன் பண்ணிப் பார்த்தீங்களா?” என்பதுதான்.

அந்த ஸ்கேன் எதில் தொங்குகிறது என்று பார்த்தால், ஸ்டியரிங்கின் அடியில் செருகும் ஒரு பதினாறு பின் பிளக்கிலும் அதிலிருந்து லெப்டொப்புக்குப் போகும் ஒரு முழ வயரிலும். பெரிய கம்பனிகளின் சொந்தக் கருவிகள் அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையங்களில் இருக்கும். சிறிய கராஜ்காரர் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலோ பஞ்சிகாவத்தையிலோ வாங்கிய சீன வயரை வைத்துத்தான் தொழில் செய்கிறார். அது ஒருநாள் பேசாமல் போனால் எல்லோரும் சொல்வது ஒன்றே: “புரோகிராம் போயிட்டு, திரும்ப ஏத்தணும்.” வயரோடு சேர்த்து அதற்குப் புரோகிராம் ஏற்றுகிறவரும் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டார்.

இந்தப் பேச்சில்தான் எனக்கு மறுப்பு. பேசாமல் போன வயரில் புரோகிராம் கெட்டிருப்பது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. பழுது மூன்று இடங்களில் ஒளிந்திருக்கலாம்: வயரின் உடலில், யூஎஸ்பி சிப்பின் அடையாளத்தில், மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் புரோகிராமில். இந்த வரிசையில் தேடாமல் நேரே கடைசிக்குப் போகிறவர்கள், சாகாத வயரைத் தங்கள் கையாலேயே சாகடிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவருக்கு ஒரு பிரியஸை உதாரணம் காட்டலாம். மூன்றாம் தலைமுறை பிரியஸின் ஹைபிரிட் பெட்டரியில் 28 மொடியூல்கள். கார் அவற்றை இரண்டிரண்டாக, 14 தொகுதிகளாக அளந்துகொண்டிருக்கிறது. மொத்தம் 201.6 வோல்ட். மலிவான புளூடூத் ரீடர் ஒன்றைச் செருகினால் பி0ஏ80 என்ற கோட் வரும், அதாவது பெட்டரி தேய்ந்துவிட்டது. அதோடு கதை முடிந்தது, முழுப் பெட்டரிக்கும் விலை கேட்கத் தொடங்கலாம். டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளோடு பேசக்கூடிய வயரைச் செருகினால் 14 தொகுதிகளின் வோல்ட்டும் தனித்தனியாகத் திரையில் ஓடும். ஏற்றத்தில் ஒன்று மட்டும் சடாரென விழுகிறதா, எல்லாமே சேர்ந்து தளர்ந்திருக்கின்றனவா என்பது அப்போது தெரியும். இரண்டு முடிவுகளுக்கும் இடையில் உள்ள தொகை ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம்.

இந்தப் பதினாறு பின் துளை நம்மிடம் வந்த விதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் ஓபிடி என்ற பழுதறியும் முறையின் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு அதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2013 ஏப்ரலில் வந்தது. நோக்கம் மெக்கானிக்கின் வசதி இல்லை, புகைக் கட்டுப்பாடு. பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்ற இரட்டை வயர் முறை 2008 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமாகி, அதற்கு முன்பிருந்த பல மொழிகளை ஓரங்கட்டியது. இலங்கையின் புகைப் பரிசோதனைத் திட்டம் 2008இல் தொடங்கியது. அது புகைக்குழாயின் வாயில் கருவியை வைத்து அளப்பது. ஆகவே நம் நாட்டில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காரைக் கொண்டுபோனால் அந்தப் பதினாறு துளைகளைத் திறந்துபார்க்கும் வேலையே இல்லை. அரசுக்குத் தேவைப்படாத அந்த வாசல் முழுக்க கராஜ்காரருக்கு விடப்பட்டிருக்கிறது. அதனால்தான் அங்கே செருகும் வயரின் தரத்தைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை.

இனி வயரைத் திறப்போம். பிளக்கின் திருகாணிகளைக் கழற்றினால் இரண்டு விரல் அகலப் பச்சைப் பலகை ஒன்று வெளியே வரும். காரின் பக்கம் பதினாறு பின்களின் பின்புறம். அதில் பாதிக்குமேல் எங்கும் இணைக்கப்படாமல் வெறுமனே நிற்கும். பக்கத்தில் காரின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர். எட்டுக் கால் சிப் ஒன்று, எம்சிபி2551 அல்லது டிஜேஏ1050 என்று எழுதியிருக்கும். கேன் வயர்களில் பேசுவதும் கேட்பதும் அதுதான். பழைய கே-லைன் மொழிக்கு எல்9637 போன்ற இன்னொரு சிப். மலிவான வயரில் அந்த இடத்தில் இரண்டு டிரான்ஸிஸ்டர்களும் சில ரெசிஸ்டர்களும். நடுவில் சதுரமான மைக்ரோகண்ட்ரோலர். யூஎஸ்பிப் பக்கத்தில் 28 கால்களோடு நீளவாக்கில் எஃப்டி232ஆர்எல். வயரின் வகையைப் பொறுத்து இதில் ஒன்றிரண்டு கூடும், குறையும். பிஎம்டபிள்யூக்கு விற்கும் எளிய வயர்கள் சிலவற்றில் வேலையில் பெரும்பகுதியை லெப்டொப்பே பார்த்துக்கொள்ளும்.

உடலின் பழுதுகளில் முதலாவது மிக எளியது: வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்தில் உடைவது. கராஜில் யாராவது கதவைத் திறந்து ஏறும்போது முழங்கால் அதில் படும். நாளுக்கு நாலு முறை வளைந்தால் உள்ளிழை ஒன்று அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. லெப்டொப் வயரை ஒரு நிமிடம் காணும், அடுத்த நிமிடம் காணாது. மல்டிமீட்டரைப் பீப் ஒலியில் வைத்து ஒவ்வொரு இழையாகப் பார்த்து, அசைத்தும் பார்த்தால் பிடிபடும். கண்டியின் ஈரத்தில் யூஎஸ்பிப் பிளக்கின் சொல்டர் பச்சை பூத்துப்போவதும் உண்டு. ஐசோபுரொப்பில் அல்கஹோலும் பழைய பல்துலக்கியும் அதற்குப் போதும்.

இரண்டாவது, ரெகுலேட்டர் கருகுவது. இதற்குப் பெரும்பாலும் கராஜ்காரரின் அவசரமே காரணம். 16ஆம் பின்னில் கார் பெட்டரி எப்போதும் இருக்கும், சாவி போடாவிட்டாலும். அது 12 வோல்ட் என்று நினைத்து வடிவமைத்த மலிவான வயரை 24 வோல்ட் லொறியில் செருகினால் ரெகுலேட்டரோடு சேர்ந்து மற்றச் சிப்களும் போகும். இதைத் தடுக்கவே துளையின் நடுவில் உள்ள பள்ளத்தை இரண்டு விதமாகச் செய்தார்கள்: 12 வோல்ட் வாகனத்தில் பள்ளம் தொடர்ச்சியாக ஓடும், 24 வோல்ட்டில் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும், 12 வோல்ட் பிளக் அதில் இறங்காது. மலிவு விலைப் பிளக்குகளில் அந்தத் தடுப்பைச் சீராக வார்த்திருப்பார்கள் என்று நம்பிச் செருகக் கூடாது.

மூன்றாவது பழுது வயரிலேயே இல்லை. பல கார்களில் 16ஆம் பின்னுக்கு வரும் மின்சாரமும் சிகரெட் லைட்டர் துளைக்கு வருவதும் ஒரே ஃபியூஸ் வழியாக வருகின்றன. லைட்டர் துளையில் யாரோ செருகிய மட்டமான போன் சார்ஜர் அந்த ஃபியூஸை எரித்திருக்கும். வாடிக்கையாளருக்கு லைட்டர் வேண்டாம், ஆகவே அவருக்குத் தெரியாது. மெக்கானிக் வயரைச் செருகி, விளக்கு எரியாததைக் கண்டு, வயரைத் திருத்தக் கொடுத்துவிடுவார். 4ஆம் பின்னுக்கும் 16ஆம் பின்னுக்கும் இடையில் மீட்டரை வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. அதேபோல, பெட்டரியைக் கழற்றிவிட்டு 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையில் ஓம் பார்க்க வேண்டும். கேன் வயரின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், நல்ல காரில் சேர்ந்து 60 வரும். 120 வந்தால் எங்கோ ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயர்களும் உரசிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டிலும் ஸ்கேன் வயரைக் குறைசொல்லிப் பயனில்லை. சில கார்களில் கண்டறியும் துளைக்குப் பின்னால் கேட்வே என்ற இடைப்பெட்டி ஒன்று நிற்பதால் கணக்கு மாறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிஎம்டபிள்யூவில் இன்னொரு சிக்கல்: 2007 மார்ச்சுக்கு முந்திய மொடல்களுக்கு வயரின் 7ஆம், 8ஆம் பின்களை இணைத்தால்தான் எல்லாப் பெட்டிகளும் பதில் தரும், பிந்தியவற்றுக்கு இணைப்பைப் பிரிக்க வேண்டும். சிலர் அந்த இடத்தில் ஒரு சின்னச் சுவிட்சைப் பொருத்தி வைத்திருப்பார்கள். நல்ல யோசனை.

இப்போது இரண்டாம் இடம், சிப்பின் அடையாளம். இந்தப் பிரச்சினை முழுக்க எங்கோ கிளாஸ்கோவில் தொடங்கியது.

யூஎஸ்பியில் செருகும் எந்தப் பொருளும் கணினிக்கு இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்: எந்தக் கம்பனி, என்ன பொருள். எஃப்டிடிஐ என்ற ஸ்கொட்லாந்துக் கம்பனியின் எஃப்டி232 சிப் 0403, 6001 என்று சொல்லும். இந்தச் சிப் வெற்றிகரமாக விற்றதால் அதைப் போலவே நடிக்கும் போலிகள் சீனச் சந்தையில் பெருகின. அவற்றில் ஒன்றை 2014இல் உறை நீக்கி நுண்ணோக்கியில் படமெடுத்தபோது, உள்ளே இருந்தது முற்றிலும் வேறொரு வடிவமைப்பு என்பது தெரிந்தது: எஃப்டிடிஐயின் பேச்சைப் பேசக் கற்றுக்கொடுத்த ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர். மேலே மட்டும் எஃப்டிடிஐ என்று அச்சு.

அதே ஆண்டு ஒக்டோபரில் எஃப்டிடிஐ தன் புதிய விண்டோஸ் டிரைவரில் ஒரு பொறியை வைத்தது. அசல் சிப்பில் பலிக்காமல் போகும் ஓர் எழுத்துக் கட்டளையை டிரைவர் அனுப்பும். போலிச் சிப்போ அதை உண்மையாக நிறைவேற்றி, தன் பொருள் எண்ணை 0000 ஆக்கிக்கொள்ளும். அதன்பின் எந்தக் கணினியில் செருகினாலும் விண்டோஸ் அதை அடையாளம் காணாது. இந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாகவே உலகெங்கும் தானாக இறங்கியது. தான் வைத்திருப்பது போலி என்று தெரியாமலே வாங்கியவர்களின் பொருள்கள் ஒரே இரவில் ஊமையாயின. எதிர்ப்பு கிளம்பியதும் கம்பனி அந்த டிரைவரை மீளப் பெற்றது. பிறகு 2016இல் இன்னொரு வழியில் வந்தது. இம்முறை சிப்பைக் கெடுக்காமல், போலி என்று கண்டால் தரவுக்குப் பதிலாக ‘அசல் கருவி அல்ல’ என்ற ஆங்கில வாசகத்தையே ஓடவிட்டது. கார் மென்பொருளுக்கு அது வெறும் குப்பை. காரோடு தொடர்பு இல்லை என்று திரை சொல்லும், மெக்கானிக் காரைச் சந்தேகிப்பார்.

தன் பெயரைத் திருடியவர்மேல் கோபப்பட எஃப்டிடிஐக்கு உரிமை உண்டு. அந்தக் கோபத்தைத் திருடிய தொழிற்சாலையிடம் காட்டாமல், மூன்று கைமாறி வாங்கிய கடைசி ஆளின் மேசையில் காட்டியது அநியாயம் என்றே நினைக்கிறேன். நீதிமன்றமோ சுங்கமோ தலையிட்டு எடுக்க வேண்டிய முடிவை ஒரு டிரைவர் எடுத்தது.

எப்படியோ, இப்படிப் பெயரிழந்த வயரைத் திருத்துவது எளிது. பழைய டிரைவர் உள்ள கணினியிலோ லினக்ஸிலோ செருகி, எஃப்டிடிஐயே இலவசமாகத் தரும் எஃப்டி புரோக் என்ற கருவியால் பொருள் எண்ணை மறுபடி 6001 ஆக்கலாம். லினக்ஸ் கேர்னலில் அந்த 0000 எண்ணையும் ஏற்றுக்கொள்ளும் மாற்றத்தைப் பிற்பாடு சேர்த்துவிட்டார்கள். இதைவிட நேர்மையான வழி, போலிச் சிப்பைச் சூட்டுக்காற்றால் இறக்கிவிட்டு அசல் எஃப்டி232ஆர்எல் ஒன்றை அதே 28 காலில் உட்காரவைப்பது. கால்களுக்கிடையில் 0.65 மில்லிமீற்றர் இடைவெளி. ஃபிளக்ஸ் தாராளமாகப் பூசி, ஈயம் குறைவாக எடுத்து இழுத்தால் சாதாரண சொல்டரிங் அயனாலேயே முடியும். சிப்பை மாற்றியதும் வயருக்குரிய மென்பொருள் தேடும் அடையாளங்களைப் புதிதில் எழுத வேண்டியிருக்கும் என்பதால், பழையதை இறக்குமுன் அதில் இருப்பதைப் படித்துச் சேமித்துக்கொள்வது அவசியம்.

இந்த இடத்திலேயே தீர்ந்துபோகும் இன்னொரு பழுதும் உண்டு. எஃப்டிடிஐ சிப் தரவைக் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் கணினிக்கு அனுப்பும்; அந்தக் காத்திருப்பு வழக்கமாக 16 மில்லிசெக்கன். பழைய கே-லைன் கார்களின் பேச்சில் அவ்வளவு தாமதத்தைப் பொறுக்காத கட்டங்கள் உண்டு. விண்டோஸின் போர்ட் அமைப்பில் அதை 1 ஆக்கினால், செத்ததாக ஒதுக்கி வைத்த வயர் பேசத் தொடங்கும். டொயோட்டாவுக்கு விற்கும் மினி விசிஐ வயர்களில் பிரச்சினை வேறு மாதிரி. அவற்றோடு வரும் டிரைவர் நிறுவி 32-பிட் விண்டோஸுக்கு எழுதியது. கராஜ்காரர் 64-பிட் லெப்டொப் வாங்கிய நாளிலிருந்து வயர் ‘கெட்டுப்போயிருக்கும்’. பழைய லெப்டொப் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, இணையத்தைத் துண்டித்து வைத்திருப்பவர்களின் வயர்கள் வருடக்கணக்கில் உழைக்கின்றன.

மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டியும் பேசாத வயர் மிகக் குறைவு. அதற்குத்தான் மூன்றாம் இடம், புரோகிராம். வோக்ஸ்வாகன், அவுடி வாகனங்களுக்கான நகல் வயர்களில் பெரும்பாலும் ஏடிமெகா162 என்ற மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும். பலகையில் ஆறு புள்ளிகளைத் தேடி, யூஎஸ்பிஏஎஸ்பி போன்ற மலிவான புரோகிராமரை இணைத்து, அவர்டியூட் என்ற மென்பொருளால் எழுதலாம். வேலை சில நிமிடம். தவறு செய்யவும் சில நிமிடம் போதும். ஃபியூஸ் பிட் என்ற அமைப்புகளில் கடிகார மூலத்தைத் தவறாகக் குறித்துவிட்டால் சிப் இல்லாத ஒரு கடிகாரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடும், அதற்குப் பிறகு புரோகிராமருக்கும் பதில் சொல்லாது. வெளியிலிருந்து ஒரு கடிகாரத் துடிப்பை ஊட்டினால்தான் எழும்பும். இன்னொன்று, பூட்டு பிட் போட்ட சிப்பின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, அழிக்க மட்டும் முடியும். ‘முதலில் ஒரு கொப்பி எடுப்போம்’ என்று தொடங்கி, படித்ததில் அர்த்தமில்லாத எண்களையே கண்டும் அதைக் கவனிக்காமல் அழித்துவிட்டால், திரும்பிப் போக வழியில்லை.

நகல் வயர் என்பதே இந்தப் பூட்டின் கதைதான். ஈஎல்எம்327 என்ற சிப்பைக் கனடாவின் எல்ம் எலெக்ட்ரொனிக்ஸ் 2005இல் வெளியிட்டபோது, அதன் முதல் பதிப்பில் படிப்புத் தடையைப் போடாமல் விட்டுவிட்டது. சிலர் அதைப் படித்து நகலெடுத்தார்கள். இன்று எந்தக் கடையிலும் தொங்கும் நீல நிற ரீடர்களின் குலமுதல்வர் அந்தப் பூட்டாத சிப்தான். அவற்றில் பலவற்றின் மேல் ‘பதிப்பு 1.5’ என்று இருக்கும். எல்ம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ‘2.1’ என்று இன்னும் பெரிய எண்ணோடு வந்தவையோ பழையவற்றைவிடக் குறைந்த கட்டளைகளுக்கே பதில் தருகின்றன. எல்ம் 2022இல் கடையைக் கட்டியது. நகல்கள் இன்னும் விற்கின்றன.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிப் புரோகிராமையும் பாதுகாக்கிறது. தன் வயரில் அறுந்த இழையை ஒட்டுவதும், எஃப்டிடிஐ சிப்பை மாற்றுவதும் யாருடைய உரிமையிலும் கைவைக்காதவை. பென்சில்வேனியாவின் ரோஸ்-டெக் போன்ற ஒரு சிறு கம்பனி எழுதிய மென்பொருளை ஏமாற்ற, அதன் வயரின் உள்ளடக்கத்தை நகலெடுத்து ஏற்றுவது வேறு வேலை. இரண்டையும் ‘ரிப்பேர்’ என்ற ஒரே பெயரில் விற்பது வசதிக்காக. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012இலும் 2020இலும் வாகனத்தைத் திருத்தும் உரிமைக்கு வாக்களித்தார்கள். ஐரோப்பாவில் 2007இன் ஒழுங்குவிதி ஒன்று சுயாதீன கராஜ்களுக்கும் திருத்தத் தகவலைத் தரச் சொன்னது. தகவல் நியாயமான விலையில் கிடைக்கும் இடத்தில்தான் ‘நகல் வாங்காதே’ என்ற உபதேசத்துக்குக் கனம் உண்டு. டொலருக்குத் தட்டுப்பாடு வந்த நாட்டில் அசல் கருவி வாங்கச் சொல்வது எளிது. ஆனால் ரோஸ்-டெக்கின் அசல் வயரை வாங்கினால் மென்பொருள் புதுப்பிப்புகள் இலவசம் என்பதையும் பார்க்க வேண்டும்; ஒரே வீதியில் இருக்கும் நாலு கராஜ்கள் கூட்டாக ஒன்றை வாங்கினால், நகல்களைத் திரும்பத் திரும்ப ஏற்றும் செலவோடு அது ஒப்பிடத்தக்கதுதான்.

கூட்டாக வாங்க முடியாதவருக்கு இன்னொரு வழி திறந்த வடிவமைப்புகள். கேனபிள் போன்ற பலகைகளின் சுற்றுப்படமும் புரோகிராமும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. கெட்டால் யாரும் சட்டபூர்வமாக மறுபடி ஏற்றலாம். வோக்ஸ்வாகனின் ஆய்வுப் பிரிவு எழுதிக் கொடுத்த சொக்கெட்கேன் 2008 முதல் லினக்ஸ் கேர்னலிலேயே இருக்கிறது. இவற்றில் டெக்ஸ்ட்ரீமின் வசதி கிடைக்காது, நாமே கொஞ்சம் கற்க வேண்டும். மொரட்டுவையில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும், 2016இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் வாகனத் தொழில் கற்பிக்கின்றன. இத்தகைய இடங்களில் மாணவன் ஸ்கேனர் திரையைப் படிக்கக் கற்பதோடு, ஸ்கேனரின் பிளக்கைத் திறந்து பார்க்கவும் கற்றால் நல்லது.

திருத்திய வயரைக் கையில் எடுக்கும் எவரும் ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. அதைக் கொண்டு காரைப் படிக்கலாம், காரில் எழுதக் கூடாது. கோட் பார்ப்பது, வோல்ட் பார்ப்பது, பிரேக்கில் காற்றெடுப்பது எல்லாம் பாதி வழியில் நின்றாலும் மறுபடி தொடங்கலாம். காரின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியூவில் புதிய புரோகிராமை ஏற்றும்போது வயர் ஒரு கணம் விட்டால், அல்லது கார் பெட்டரி இறங்கினால், ஈசியூவே போய்விடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில், லெப்டொப்பின் தேய்ந்த பெட்டரியையும் முழங்கால் பட்ட வயரையும் நம்பி ஈசியூவில் கைவைப்பது சூதாட்டம். 12 வோல்ட்டைத் தாங்கிப்பிடிக்கும் சீரான சார்ஜரும், ஜே2534 தரத்தை உண்மையாகவே பின்பற்றும் கருவியும் இல்லாதவர் அந்த வேலையைக் கொழும்புக்கு அனுப்பிவிட வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

2025க்குப் பிறகு இறங்கும் கார்களில் வயர் ஏன் பேசவில்லை என்ற கேள்வியே இடம்மாறுகிறது. 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் ஓடும் ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 14 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஜீப்பைத் தயாரித்த கம்பனி 2018 மொடல்கள் முதல் ஓபிடி துளைக்குப் பின்னால் பாதுகாப்புக் கேட்வே ஒன்றை வைத்தது. பதிவு செய்த கருவி இணையம் வழியாக அனுமதி வாங்கினால்தான் பழுதுக் கோட்களை அழிக்கவே முடியும். இதே காலத்தில் வயரோ எளிமையாகிக்கொண்டு போகிறது. பிஎம்டபிள்யூவின் புதிய தலைமுறை ஈத்தர்நெட்டில் பேசுகிறது. அதற்கான வயருக்குள் மைக்ரோகண்ட்ரோலர் இல்லை, எஃப்டிடிஐ இல்லை. சாதாரண நெட்வொர்க் கேபிளின் நாலு இழைகள் 3, 11, 12, 13ஆம் பின்களுக்குப் போகின்றன, 8க்கும் 16க்கும் இடையில் 510 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அம்பிட்டியவில் சொல்டரிங் அயன் வைத்திருக்கும் எவரும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம், கெட்டால் திருத்திவிடலாம். அந்த வயரில் புரோகிராம் ஏற்ற இடமே இல்லை. பூட்டுகள் காருக்குள்ளும் கம்பனியின் சேர்வரிலும் இருக்கின்றன.